திரையில் என்ன போட்டிருக்கு

சிவப்புப் பெருக்கல் குறி மறுபடியும் வந்து நின்றது. அதன் பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி. கெத்சியாள் அதை வாய்விட்டே படித்தாள், பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. இந்தப் புரோகிராம் இந்த விண்டோஸுக்கு ஒத்துவராது, இதைச் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். செய்தவர்களை எங்கே போய்க் கேட்பது, அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவள் வீட்டுக்காரரே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார், கம்பெனி செத்துப்போச்சு கெத்சி, நான்தான் அதுக்குக் கடைசிச் சொந்தக்காரன் என்று. சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டு இன்னும் அடுப்படியில் கழுவாமல் கிடக்கிறது, மின்விசிறிக் காற்றில் காலண்டர் தாள் படபடக்கிறது, அவர் நாசரேத்தில் பாடகர் குழுப் பயிற்சி முகாமில் இருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை நீட்டித் துழாவாமலே இந்த நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, முதல் வேலையாக இதைத்தான் திறப்பார். சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் கண் போன மனுஷன், தேவஇரக்கம், பாளையங்கோட்டையில் பாதிக் கோயில்களில் அவர் எழுதின பாட்டைத்தான் பாடுகிறார்கள், அத்தனை பாட்டும் இந்தப் பழைய புரோகிராமுக்குள் இருக்கிறது, வேறு எதிலும் அவை திறக்காது. பக்கத்தில் இருக்கிற கீபோர்டில் அவர் வாசிக்க வாசிக்க அது நாலு குரலையும் தனித்தனியாக வாங்கி வைத்துக்கொள்ளும், சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். எந்த இடத்தில் என்ன சுரம் என்று ஸ்கிரீன் ரீடர் அவருக்குப் படித்துச் சொல்லும். ஸ்கிரீன் ரீடர் என்றால் திரையில் இருப்பதையெல்லாம் வாசிக்கிற ஒரு குரல், ஆண்குரல், அவர் வைத்திருக்கிற வேகத்தில் அது பேசுவது அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது, ஓட்டு வீட்டில் மழை விழுகிற மாதிரி இருக்கும். அவள் அதை அந்த ஆள் என்றுதான் சொல்வாள். அந்த ஆள்கூடயே இருங்க, சாப்பிட வராதீங்க.

வேண்டுமென்றா செய்தேன், என்று அவள் மறுபடியும் புரோகிராமின் குறியை அமுக்கினாள், மறுபடியும் சிவப்பு. வேண்டுமென்று இல்லை. பள்ளிக்கூடத்து மார்க்கையெல்லாம் ஏற்றச் சொல்லி ஒரு வலைத்தளம், உங்கள் கணினி பழையது என்று ஒவ்வொரு தடவையும் அது கதவை மூடியது, தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் கெத்சியா டீச்சர் மட்டும் இன்னும் போடலை என்று சொன்னாள், அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, நேற்று அவர் பஸ் ஏறின பிறகு உட்கார்ந்து, புது விண்டோஸ் தயார், இப்போதே போடலாமா என்று கேட்ட பெட்டியில் ஆம் என்று அமுக்கினாள். அவ்வளவுதான். அவ்வளவுதானா. அந்தப் பெட்டி நேற்றா முதல்முதலாக வந்தது? மாசக்கணக்காக வந்துகொண்டிருந்தது. அது வந்தால் ஏனோ அந்த ஆளுக்கு நாக்கு அடைத்துவிடும், அதைப் படிக்க அவனுக்கு வராது, சத்தம் நின்றுபோகும். இவர் இருந்த இடத்திலிருந்து குரல் கொடுப்பார், கெத்சி, சத்தம் போயிட்டு, என்ன போட்டிருக்கு பாரு. அவள் மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்ப்பாள். அதில் எழுதியிருந்தது, தெளிவாகத்தான் எழுதியிருந்தது, புது விண்டோஸ் போட்டால் கீழ்க்கண்டவை இயங்காமல் போகலாம் என்று, கீழே இவருடைய புரோகிராமின் பெயர். அவள் அதைப் படித்தாள். படித்துவிட்டு, ஒண்ணுமில்ல, ஏதோ விளம்பரம் என்று சொல்லி, பிறகு பார்க்கலாம் என்ற பொத்தானை மணிக்கட்டால் அமுக்கிவிட்டுப் போய்த் தோசையைத் திருப்பினாள். ஏன் அப்படிச் சொன்னாள்? விளக்க நேரமில்லை, தோசை கருகிவிடும், சொன்னால் அவர் நூறு கேள்வி கேட்பார், எந்த எழுத்தில் போட்டிருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, வலது மூலையில் என்ன. முதல் தடவை தோசைக்காகச் சொன்னது. இரண்டாவது தடவை முதலில் சொன்னதற்காகச் சொன்னது. அதற்குப் பிறகு அது விளம்பரமாகவே ஆகிவிட்டது, வந்தால் விளம்பரம் வந்திருக்கு என்று அவளே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கண்ணில்லாத மனுஷனிடம் திரையில் ஒன்றுமில்லை என்று சொன்னால் அங்கே ஒன்றுமில்லைதான். அவர் எங்கே போய் இன்னொருவரிடம் சரிபார்ப்பார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தட்டைக் கழுவலாமா என்று நினைத்தாள், கழுவவில்லை, திரும்பி வந்தாள்.

போன் அடித்தது. அவர்தான்.

"கெத்சி, பஸ் ஏறிட்டேன்."

"ம்."

"கம்ப்யூட்டரைப் போட்டு வை. புதுப் பாட்டுல ஆல்டோ ரெண்டாவது வரி சரியா வரலன்னேம்லா, வழி கெடச்சிட்டு. மறந்துருமோன்னு முனங்கிக்கிட்டே வாரேன். பக்கத்துல இருக்கவரு எந்திச்சி வேற சீட்டுக்குப் போயிட்டாரு."

அவர் சிரித்தார். பின்னால் பஸ்ஸின் ஹாரன், ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

"என்ன, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்," என்றாள். போடவில்லை. தலைவலியும் இல்லை. எவ்வளவு சுலபமாக வருகிறது பார், என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்றை மறைக்க ஒன்று, அதற்கு மாத்திரை வேறு. அந்த ஒண்ணுமில்ல என்ற சொல்லை வைத்துத்தான் இத்தனை வருஷமும் குடும்பம் நடத்தியிருக்கிறாளோ என்று தோன்றியது. கல்யாண வீட்டில் யாரோ அவரை ஒரு மாதிரி பார்த்தால், யாரு, என்ன என்று அவர் கேட்டால், ஒண்ணுமில்ல. சட்டையில் மசிக்கறை இருந்தால், வீட்டுக்கு வந்தபிறகு துவைத்துக்கொள்ளலாம், ஒண்ணுமில்ல. அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். இப்போது மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, போனில் யாரோ எழுதி வைத்திருக்கிற வழிமுறையைப் பார்த்துப் பார்த்து, பண்புகள் என்ற இடத்துக்குப் போய், பழைய விண்டோஸ் போலவே நடந்துகொள் என்று இந்தப் புரோகிராமுக்குச் சொல்கிற பக்கத்தைத் திறந்தாள். அங்கே பழைய விண்டோஸ்கள் எல்லாம் வயசு வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துத் திறந்தாள். ஒன்றுக்குச் சிவப்பு. ஒன்றுக்குத் திரை முழுக்க நீலமாகி ஒரு நொடி உயிரே போய்விட்டுத் திரும்பியது. ஒன்றுக்கு மட்டும் வேறு செய்தி, ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று, வாயில் நுழையாத பெயர். அந்தப் பெயரைப் போனில் தட்டித் தேடினால், என்றைக்கோ எவரோ இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், இதே புரோகிராம், இதே காணாமல்போன கோப்பு, கீழே அவரே மறுநாள் எழுதியிருக்கிறார், சரியாகிவிட்டது, நன்றி என்று. எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. பாவி, என்றாள் கெத்சியாள் சத்தமாக, எப்படின்னு ஒரு வரி எழுதினா உன் கை ஒடிஞ்சா போவும். இன்னொருத்தர் எழுதியிருந்தார், பயப்படாதீர்கள், புது விண்டோஸ் பிடிக்கவில்லை என்றால் கொஞ்ச நாளுக்குள் பழையதற்கே திரும்பிப் போகலாம், அமைப்புகளில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்த்தாவே என்று அமைப்புகளுக்குப் போனாள். பொத்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில், அமுக்க முடியாமல். பழைய விண்டோஸின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டதால் திரும்ப இயலாது.

அழிக்கப்பட்டுவிட்டதால். யார் அழித்தது? நேற்று ராத்திரி எல்லாம் முடிந்து மார்க்கை ஏற்றினபிறகு, இடம் குறைவாக இருக்கிறது, பழையதை நீக்கிவிடட்டுமா என்று அது கேட்டது. அவள் வீடு பெருக்குகிற கையோடு குப்பையைத் தள்ளுகிற மாதிரி நீக்கு என்று அமுக்கினாள். அமுக்கும்போது ஒரு நிறைவுகூட இருந்தது. அந்த நிறைவைத்தான் இப்போது அவளால் தாண்டிப் போக முடியவில்லை. எதைக் கூட்டித் தள்ளினோம் என்று நினைத்து அப்படி நிறைந்தது மனசு? கல்யாணமான புதுசில் இந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. அவர் ஹார்மோனியத்தில் விரலை வைத்துக்கொண்டு, ஏட்டி, இதைப் பாடு என்பார், பாடுவாள், இப்ப ஆல்டோ, பாடுவாள், டெனரையும் உன் சுதியிலேயே பாடு, பாடுவாள். ஒரு பாட்டு முடிவதற்குள் நாலு பேருடைய பங்கையும் அவள் ஒருத்தி பாடித் தொண்டை கட்டிப்போகும், மிளகுப்பால் காய்ச்சிக்கொண்டே பாடுவாள். கோயிலில் அந்தப் பாட்டை எல்லாரும் எழுந்து நின்று பாடும்போது, இது முதலில் என் வாயில் இருந்தது என்று நினைத்துக்கொள்வாள். பிறகு இது வந்தது. இது நாலு குரலையும் தானே பாடியது, தப்பில்லாமல், தொண்டை கட்டாமல், நடுவில் பால் பொங்குகிறது என்று ஓடாமல். அவர் கூப்பிடுவதை நிறுத்தினார் என்று சொல்ல முடியாது, கூப்பிட வேண்டிய தேவை இல்லாமல் போனது. அதன் பிறகு அவர் கூப்பிட்டதெல்லாம் சத்தம் போயிட்டு, என்ன போட்டிருக்கு பாரு என்பதற்குத்தான். அப்படியானால் நேற்று அந்தப் பட்டியலில் புரோகிராமின் பெயரைப் பார்த்தும் ஆம் என்று அமுக்கியது மார்க்குக்காகவா? மார்க்குக்காகத்தான். தலைமையாசிரியைக்காகத்தான். இயங்காமல் போகலாம் என்றுதானே போட்டிருந்தது, போகும் என்றா போட்டிருந்தது. ஆனாலும் நேற்று ராத்திரி இந்த வீட்டில் அந்த ஆளுடைய மழைச் சத்தம் இல்லாமல் படுத்தபோது நன்றாகத் தூங்கினாள். அது உண்மை. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது உண்மையாகவே இருந்தது.

குறுந்தகடு இருக்கும், என்று திடீரென்று நினைவு வந்தது. புரோகிராமை முதலில் போட்ட குறுந்தகடு. திரும்பப் புதிதாகப் போட்டால் காணாமல்போன கோப்பும் சேர்ந்து வரும். பீரோவுக்குக் கீழே அவருடைய பெட்டியை இழுத்தாள், தூசி மூக்கில் ஏறித் தும்மினாள். வரிசையாக உறைகள், ஒவ்வொரு உறையிலும் ஒரு கெட்டியான தாள் துண்டு ஒட்டியிருந்தது, துண்டில் புள்ளிகள். பிரெய்ல். அவரே உட்கார்ந்து ஊசியால் குத்தினவை, எந்தக் குறுந்தகடு எது என்று அவருக்கு விரலை வைத்தால் போதும். கெத்சியாள் விரலை வைத்தாள். மணல் ஒட்டின மாதிரி இருந்தது. கண்ணுக்கு நேரே பிடித்தாள், வெளிச்சத்தில் சாய்த்தாள். இத்தனை வருஷத்தில் இதைப் படிக்க அவள் கற்றுக்கொள்ளவில்லை. அவர் ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டார், படிச்சிக்கிடுதியா, சொல்லித்தாரேன் என்று. எனக்குத்தான் கண்ணு இருக்கே என்று சொல்லியிருக்கிறாள், விளையாட்டாகத்தான், அவரும் சிரித்தார், பிறகு கேட்கவே இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. முதலில் ஒரு பிரசங்கம். அடுத்தது பள்ளிக்கூட ஆண்டு விழா. அடுத்ததில் பழைய கேசட்டிலிருந்து ஏற்றின மாதிரி இரைச்சல், இரைச்சலுக்குள் ஒரு பொம்பளைக் குரல் தனியாக ஆல்டோ பாடியது, ஓர் இடத்தில் பிசகியது, திரும்ப என்று அவருடைய இளவயசுக் குரல், கெத்சியாளின் குரல்தான் அது, மறுபடியும் பாடியது, அதே இடத்தில் பிசகியது, திரும்ப என்றார், கோபமே இல்லாமல், எத்தனை தடவை வேண்டுமானாலும் காத்திருப்பேன் என்கிற மாதிரி. இதை ஏன் வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதற்கும் புள்ளி குத்தி வைத்திருக்கிறார், என்ன குத்தியிருக்கிறார் என்று படிக்க அவளுக்குத் தெரியாது. சட்டென்று நிறுத்தி வெளியே எடுத்தாள், தகடு மேஜையில் உருண்டது. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிவிட்டது. எதிர்வீட்டில் மோட்டார் போட்டார்கள். அடுத்தது, அடுத்தது. கடைசியில் ஒன்று சுழன்று சுழன்று நின்று, போடட்டுமா என்று பழைய விண்டோஸ் காலத்துச் சாம்பல் நிறப் பெட்டியில் கேட்டது.

போட்டாள். பழைய விண்டோஸ் போலவே நடந்துகொள் என்று அதற்கும் சொல்லிப் போட்டாள். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து, முக்கால் தூரத்தில் நின்று, செத்துவிட்டதோ என்று அவள் நினைத்தபோது நகர்ந்து முடிந்தது. குறியை இரண்டு தடவை தட்டினாள். திறந்தது. சிவப்பு இல்லை. குரலுக்கு ஒன்றாக நாலு கோடும் இருந்தன, பாட்டெல்லாம் இருந்தன, பட்டியல் முழுசும் இருந்தது. புதுப் பாட்டைத் திறந்து ஓட விட்டாள், நாலு குரலும் வந்தன. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒன்றும் நடக்கவில்லை, ஒண்ணுமில்ல என்று நினைத்தபோதுதான் கவனித்தாள், அந்த ஆள் பேசவில்லை. அம்புக்குறியைக் கீழே தட்டினாள். மௌனம். வேறு எதைத் திறந்தாலும் மழையாகக் கொட்டினான், இதற்குள் வந்ததும் ஊமை. அவன் இந்தப் புரோகிராமைப் படிப்பதற்கு ஏதோ ஒரு தனி ஏற்பாட்டை அவர் யாரிடமோ கேட்டுப் பல ராத்திரி உட்கார்ந்து செய்து வைத்திருந்தார், அது பழைய விண்டோஸோடு போய்விட்டது. பாட்டு இருக்கிறது. அவருக்கு அது இல்லை. இனி இதைத் தொட வேண்டுமானால் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். இதுதானே நீ கேட்டது என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அவள் காதைப் பொத்திக்கொள்வது போல இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அவர் முனகிக்கொண்டேதான் வந்தார். செருப்பைக் கழற்றினார், பையை வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்து விரலைப் பழகின இடத்தில் வைத்தார். தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"சத்தம் வரலையே. என்ன போட்டிருக்கு?"

அவள் அவருக்குப் பின்னால் நின்றாள். ஒரு சொல் நாக்கு நுனியில் தயாராக வந்து உட்கார்ந்திருந்தது, அதை விழுங்கினாள். பிறகு சொன்னாள். புது விண்டோஸ் போட்டதை, பழையதை அழித்ததை, பெட்டி மாசக்கணக்காக வந்ததை, அதில் இருந்த பெயரை. வரிசையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது.

தேவஇரக்கம் முனகலை நிறுத்தியிருந்தார்.

"என் புரோகிராம் பேரைப் போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"நான் கேட்டேன்லா."

"கேட்டீங்க."

"விளம்பரம்னு சொன்ன."

"ஆமா."

"ஒரு தடவையா?"

அவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகம் சுவரைப் பார்த்திருந்தது. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் உங்கிட்ட கேக்கது எதுக்குன்னு நெனச்ச?" என்றார். "எனக்கு வேற வழி இல்லன்னா? அப்படி இல்ல கெத்சி. வழி இருக்கு. ஆளுக இருக்காங்க. நீ சொன்னா அது அப்படித்தான் இருக்கும்னு கேட்டேன்."

எதிர்வீட்டு மோட்டார் நின்றுபோயிருந்தது. மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தாள், அதுகூட இந்த நேரத்தில் ஒரு ஒண்ணுமில்ல மாதிரிதான் என்று பட்டது, சொல்லவில்லை.

"உக்காரு," என்றார் அவர். குரலில் இளக்கம் ஏதும் இல்லை. "ஆல்டோ மறந்துரும். படி. இருக்கதை எல்லாம் படி. தேவையா இல்லையான்னு நீ பாக்க வேண்டாம், அதை நான் பாத்துக்கிடுதேன்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். புரோகிராமின் பெயர், பாட்டின் பெயர், நாலு கோட்டின் பெயர், எந்தக் கோட்டில் நிற்கிறது, எந்த அட்சரம், என்ன சுரம். இடது மூலையில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம், அதன் மேல் அம்பைக் கொண்டுபோனால் ஒலிக்கருவி பழையது என்று வருகிறது, அதையும். கீழே மணி, தேதி, வெப்பநிலை, பாளையங்கோட்டை என்று போட்டிருந்ததையும். அவர் கேட்டுக்கொண்டே விரலை நகர்த்தினார், இரண்டாவது வரியை மாற்றினார், வாசித்துப் பார்த்தார், ம் என்றார், இன்னொன்றை மாற்றினார். அந்த ஆளைவிட அவள் ரொம்ப மெதுவாக இருந்தாள், அவர் காத்திருந்து காத்திருந்து வேலை செய்தார். விளக்குப் போடுகிற நேரம் வந்தது, எழுந்து போட்டுவிட்டு வந்து படித்தாள்.

"அவ்வளவுதானா?"

"திரையில அவ்வளவுதான்."

"சரி, சேமி."

சேமித்தாள். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப் போனார். கெத்சியாள் எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள், போன பண்டிகைக்குப் பெயிண்ட் அடித்த சுவர், விளக்கு வெளிச்சம் அதன் மேல் பரந்து விழுந்திருந்தது.

"இந்தச் சுவரு மஞ்சள் இல்ல," என்றாள்.

அவர் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

"நீங்க மஞ்சள்னு சொன்னீங்க. கண்ணு இருக்கப்ப உங்க ஸ்கூல் சுவரு அப்படித்தான் இருந்துச்சு, அது மாதிரி வேணும்னு. கடையில அந்த மஞ்சள் இருந்துச்சு. எனக்குப் பிடிக்கல. வேறதான் அடிச்சேன். நல்லாருக்கான்னு கேட்டீங்க, மஞ்சளா நல்லாருக்குன்னேன்."

தேவஇரக்கம் கையை நீட்டினார். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மேலே ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை தடவினார். அவர் முகத்தில் என்ன வருகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. விரல்கள் சுவரில் ஓர் இடத்தில் நின்றன.

"பின்ன என்ன நெறம்?" என்று கேட்டார்.

அவள் எழுந்து சுவரின் கிட்டே போனாள். அது என்ன நிறம் என்று அவளும் இதுவரை சரியாகப் பார்த்ததில்லை. பார்க்க ஆரம்பித்தாள்.